ஏரிக்கரை முழுக்கக் கேட்ட தையல் வகுப்பு

எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஆரம்பாக்கம் போகும் வழியில் இருந்த ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான் அறிவியல் டீச்சர். வீடு பொன்னேரியில். காலையில் பாசஞ்சர் வண்டியைப் பிடித்து, இறங்கி, வரப்பு வழியாக நடந்தால் பள்ளிக்கூடம். மழைக்காலத்தில் செருப்பு கையில்தான் இருக்கும். வண்டி தாமதமானால் முதல் பீரியட் தானாகவே விளையாட்டு பீரியட் ஆகிவிடும். அதனால் பிள்ளைகளுக்கு என்னைவிட ரயில்வேயின் மேல்தான் பாசம் அதிகம்.

ஒன்பதாம் வகுப்பில் பெண் பிள்ளைகள் எல்லாரும் இரண்டு பெஞ்சுக்குள் அடங்கிவிடுவார்கள். அதில் ஒருத்தி பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து வருகிறவள். அந்தக் குப்பத்திலிருந்து உயர்நிலைப் பள்ளி வரை வந்த முதல் பெண் அவள்தான். அப்பா ஏரியில் மீன் பிடிக்கிறவர். கணக்கில் அவளை யாரும் மிஞ்ச முடியாது. நான் கரும்பலகையில் தப்பாகக் கூட்டினால், "டீச்சர், அங்க ஒண்ணு கொறையுது" என்று முதலில் எழுந்து நிற்பவளும் அவள்தான். எனக்குக் கோபம் வரும். கூட்டிப் பார்த்தால் அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும், அதனால் இன்னும் கோபம் வரும்.

பள்ளிக்கூடத்துக்கென்று தனி நர்ஸ் அப்போது ஏது? ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ்தான் அம்மை குத்தவும், கண் பார்க்கவும், தலையில் பேன் பார்க்கவும் மாதத்தில் சில நாள் எங்கள் பள்ளிக்கு வருவார். ஆந்திர எல்லையோரத்து ஊர்க்காரர். ஆள் குள்ளம், குரல் ரொம்ப உயரம். அந்தம்மா ரகசியம் பேசினால் எல்லை தாண்டித் தடா ஊர் வரைக்கும் கேட்கும் என்பார் எங்கள் தலைமையாசிரியர். அவர் கேலியாகச் சொன்னது பிற்பாடு எப்படிப் பலித்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

அன்றைக்கு நான் செம்பருத்திப் பூ நடத்திக்கொண்டிருந்தேன். இனப்பெருக்கப் பாடம் என்றால் என் வழக்கம் இதுதான்: மகரந்தம், சூலகம் எல்லாம் மணி மணியாகச் சொல்வேன். தவளை வரைக்கும்கூடத் தைரியமாகப் போவேன். அடுத்த பக்கத்தில் மனிதன் வந்தானோ இல்லையோ, "இதை வீட்ல படிச்சுக்குங்க" என்று இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிடுவேன். எனக்குப் பாடம் எடுத்த டீச்சரும் அப்படித்தான் புரட்டினார். அவருக்கும் யாரோ அப்படிப் புரட்டிக் காட்டியிருப்பார்கள். தலைமுறை தலைமுறையாக எல்லாரும் வீட்டில்தான் படித்துக்கொண்டிருந்தோம், ஒருத்தரும் படித்தபாடில்லை.

நடுப்பாடத்தில் குப்பத்துப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். பக்கத்தில் போனேன். முகமெல்லாம் வேர்த்து, உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. பாவாடையைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பையன்களையெல்லாம் வேப்பமரத்தடிக்கு விரட்டினேன். அதற்குமேல் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவளோ என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், நேத்து இலந்தக்கொட்டைய முழுங்கிட்டேன். அது உள்ள போயி கீறிடுச்சி. நான் செத்துடுவனா டீச்சர்?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நல்லவேளை, வராண்டாவில் நர்ஸ் அம்மை குத்திக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு உள்ளே வந்தவர் ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். அந்தப் பெண்ணின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்தார்.

"அடி என் தங்கம்! எலந்தக்கொட்டையும் இல்ல, புளியங்கொட்டையும் இல்ல. நீ பெரிய மனுசி ஆயிட்டே. எனக்கும் ஆச்சு, உங்க டீச்சருக்கும் ஆச்சு, உங்கம்மாவுக்கும் ஆச்சு. நாங்கள்லாம் செத்தா போயிட்டோம்? குத்துக்கல்லாட்டம் நிக்கல?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். டீச்சருக்குமா என்று அந்தக் கண் கேட்டது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இருந்தாலும் தலையை ஆட்டினேன். அப்போதுதான் அவள் அழுகையை நிறுத்தினாள்.

இருவருமாக அவளைக் குப்பத்துக்குக் கூட்டிப்போய் விட்டுத் திரும்பும் வழியில் நர்ஸ் கேட்டார்:

"ஏன் டீச்சர், உங்க புஸ்தகத்துல இதெல்லாம் கீதா, இல்லியா?"

"இருக்கு சிஸ்டர்."

"அப்புறம் இன்னா? சொல்லித் தர்றதுதானே?"

"எப்படி ஆரம்பிக்கிறதுன்னே தெரியல."

நர்ஸ் கடகடவென்று சிரித்தார். "எனக்கு ஆரம்பிக்கத் தெரியும், முடிக்கத்தான் தெரியாது. ஊர்ல பொம்பளைங்களுக்குச் சொல்லப் போனா, ரத்தம், சீழு, கட்டின்னு எதையாவது சொல்லி பயமுறுத்திட்டு வந்துடுவேன். அப்புறம் ஆஸ்பத்திரி பக்கமே ஒருத்தியும் வர மாட்டா. நீங்க பதமா சொல்வீங்க. நாம ரெண்டு பேரும் சேந்து எடுத்தா இன்னா?"

இப்படித்தான் எங்கள் கூட்டு ஆரம்பமானது. தலைமையாசிரியரிடம் போய் நின்றோம். நல்ல மனுஷர், ஆனால் நிழலைப் பார்த்தாலும் ஓரமாக ஒதுங்கி நடக்கிறவர். நாங்கள் சொல்லச் சொல்ல மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அன்றைக்கு ஓடக்கூட இல்லை. கடைசியில், "வெள்ளிக்கிழமை சாயங்காலம் பையன்களுக்கு டிரில். பொண்ணுங்களுக்குத் தையல். தையல் வகுப்பில் நர்ஸம்மா வந்து உதவி செஞ்சா நான் ஏன் தடுக்கப் போறேன்? மத்தது எதுவும் எனக்குத் தெரியாது" என்றார். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று நர்ஸ் என் காதில் சொன்னார். அவர் காதில் சொன்னதால் தலைமையாசிரியருக்கும் நன்றாகவே கேட்டது.

தையல் வகுப்பு அமோகமாக நடந்தது. முதல் நாள் நர்ஸ் கரும்பலகையில் கருப்பையை வரைந்தார். "இது கத்தரிக்காய்தானே டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். நான் அழித்துவிட்டுத் திருத்தமாக வரைந்தேன். நான் வரைந்து பேர் எழுதுவேன், அது எதற்கு என்று நர்ஸ் சொல்வார். அவர் ஒரேயடியாகப் போகும்போது நான் இழுத்துப் பிடிப்பேன், நான் மென்று விழுங்கும்போது அவர் முதுகில் தட்டுவார். புரட்டிவிட்டுப் போன அந்தப் பக்கத்தை முதல் தடவையாக வாய்விட்டுப் படித்தேன். குழந்தை எப்படி உண்டாகிறது, பையன்களுக்கு ஏன் குரல் உடைகிறது, தனக்குப் பிடிக்காமல் யாராவது தொட்டால் கூச்சப்படாமல் சத்தம் போட வேண்டும் என்பது வரை பேசினோம். தையலும் நடந்தது. பழைய பருத்திப் புடவையைக் கிழித்து, மடித்து, ஓரம் தைத்து, மாதாந்திரத் துணி தைக்கக் கற்றுக்கொடுத்தோம். துவைத்து வெயிலில் காயவைக்க வேண்டும், கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைக்கக் கூடாது என்று நர்ஸ் போட்ட சத்தத்துக்கு டிரில் மாஸ்டர் மைதானத்திலிருந்து திரும்பிப் பார்த்தார்.

யாருக்காக ஆரம்பித்தோமோ, அவள் மட்டும் வகுப்புக்கு வரவில்லை. குப்பத்தில் தென்னங்கீற்றால் குச்சுக் கட்டி அவளை உட்கார வைத்திருந்தார்கள். சடங்கு முடிந்ததும் வந்துவிடுவாள் என்றுதான் இருந்தேன். ஒரு நாள் அவள் அம்மா தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு பள்ளிக்கூடத்துக்கே வந்தார். ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் நீர், எல்லாரும் வந்து வாழ்த்த வேண்டும் என்றார். "திங்கட்கிழமை கணக்குப் பரீட்சை இருக்கு, வந்துடுவாள்ல?" என்று கேட்டேன். அந்த அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, "இனிமே அனுப்பறதில்லன்னு அவுங்க நைனா சொல்லிட்டாரும்மா" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அன்று சாயங்காலமே நர்ஸை இழுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். அப்பா கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து நின்றார். குரலை உயர்த்தவேயில்லை. கத்துகிற ஆளாக இருந்தால் நானும் கத்தியிருப்பேன், எனக்கு அது வசதியாக இருந்திருக்கும்.

"டீச்சரம்மா, எனக்கு மட்டும் ஆசை இல்லியா? அது ஒண்ணும் தெரியாத பொண்ணு. தோப்பு வழியா அம்மாந்தூரம் தனியா நடந்து போவணும். மாசத்துல அந்த நாள் வந்துட்டா, பள்ளிக்கூடத்துல எங்க போவும், இன்னா பண்ணும்? நாலு பேரு சிரிக்கிற மாதிரி ஆயிட்டா பேஜாரா பூடும். ஒண்ணும் தெரியாத புள்ளய எப்டி அனுப்பறது?"

"தெரியலன்னா சொல்லித் தரணும் நைனா. அதுக்கோசரம் ஊட்ல போட்டு பூட்டுவாங்களா?" என்றார் நர்ஸ்.

"அதெல்லாம் பொம்பளைங்க பேச்சு. நம்மகிட்ட வேணாம்மா" என்று அவர் மறுபடி வலையை எடுத்துக்கொண்டார். அதோடு பேச்சு முடிந்தது.

திரும்பும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. நல்ல மூளை. கண் முன்னாலேயே அது அடுப்பங்கரைக்குள் போகப் போகிறது. அவள் நின்றுபோனால், அந்தக் குப்பத்தில் அடுத்த பெண்ணை அனுப்ப யாருக்குத் துணிச்சல் வரும்? நர்ஸ் மட்டும் அசரவில்லை. "ஞாயித்துக்கிழம தட்டு எடுத்துக்கினு போவோம் டீச்சர். வெறுங்கையோட போனா வெளியாளு. சீர்த்தட்டு எடுத்துக்கினு போனா சொந்தம். சொந்தக்காரி பேசினா காது குடுத்துத்தான் ஆவணும்" என்றார்.

அப்படியே போனோம். தட்டில் பூ, பழம், மஞ்சள், குங்குமம், வளையல். அதோடு பள்ளிக்கூடத்து நீலத் தாவணி ஒன்று. வகுப்புப் பெண்கள் சேர்ந்து தைத்த துணிகளை ரோஜா நிறக் காகிதத்தில் சுற்றி, பக்கத்தில் வாசனை சோப்பு வைத்திருந்தோம். தாய்மாமன் சீர் வந்து இறங்கிய பந்தலில் பள்ளிக்கூடத்துச் சீரும் வந்து இறங்கியது. நீலத் தாவணியைப் பார்த்ததும் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு கரைப் பக்கம் போய்விட்டார்.

அந்தத் தாய்மாமனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கும்மிடிப்பூண்டி பஜாரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்றால் மைக் செட் போடுவதும் அவர்தான். பேசுகிற வேலையை எல்லாம் கூம்பு ஸ்பீக்கரிடம் ஒப்படைத்துவிட்ட மாதிரி, அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வருவதே அபூர்வம். அக்கா மகள் சடங்கு என்பதால் கடையையே பெயர்த்துக்கொண்டு வந்திருந்தார். குப்பத்தில் கரண்ட் கிடையாது. கார் பேட்டரியில்தான் செட் ஓடியது. பந்தலில் கூம்பு கட்டினால் காது கிழிகிறது என்று பெண்கள் கூச்சல் போட்டதால், நீளமாக ஒயர் இழுத்து, கோயிலுக்குப் பக்கத்தில் ஏரியைப் பார்த்த பனைமரத்தில் இரண்டு கூம்பையும் கட்டியிருந்தார். மைக்கும் பாட்டுப் பெட்டியும் மட்டும் பந்தலில், பெண் உட்கார்ந்திருந்த மணைக்குப் பக்கத்தில்.

நலுங்கு முடிந்தது. மஞ்சள் நீர் ஊற்றினார்கள். யார் யார் என்ன சீர் செய்தார்கள் என்று மைக்கில் சொன்னார்கள். என்னையும் இரண்டு வார்த்தை வாழ்த்தச் சொன்னார்கள். "நல்லாப் படிச்சு நல்லா இருக்கணும்" என்று 'படிச்சு'வை மட்டும் அழுத்திச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஆண்கள் சாப்பிட்டு முடித்து, கோயில் அரசமரத்தடியில் சீட்டுக் கச்சேரியைத் தொடங்கிவிட்டார்கள். மாமன் பாட்டை நிறுத்தினார். இசைத்தட்டு முள்ளைத் தூக்கி வைத்தார். பெட்டியில் எதையோ திருகினார். "நீங்க பேசிக்கினு இருங்க, நான் துன்னுட்டு வரேன்" என்றார். அன்று முழுக்க அவர் பேசிய பெரிய வாக்கியமே அதுதான். போய்விட்டார்.

பந்தலில் இனி பெண்கள் மட்டும்தான். நர்ஸுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுவில் உட்கார்ந்தார். நானும் மைக் கம்பியை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தையல் வகுப்பில் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் ஆரம்பித்தோம். மாதவிலக்கு ஏன் வருகிறது, உள்ளே என்ன நடக்கிறது, எப்படிச் சுத்தமாக இருப்பது, எல்லாம்தான். முதலில் வாயைப் பொத்திச் சிரித்தவர்கள், கொஞ்ச நேரத்தில் கிட்டக் கிட்ட நகர்ந்து வந்துவிட்டார்கள்.

அத்தைக்காரி ஒருத்தி சண்டைக்கே வந்தாள். "அதெல்லாம் சரி நர்ஸம்மா. தூரமான பொம்பள தொட்டா ஊறுகா கெட்டுப் போவுதே, அதுக்கு இன்னா சொல்றே?"

"நான் வருசக்கணக்கா அப்பல்லாம் ஊறுகா ஜாடியில கைய வுட்டுக்கினுதான் கீறேன். நாளைக்கு என் ஊட்டுக்கு வா. துன்னு பாத்துட்டு சொல்லு."

பந்தலே அதிர்ந்தது. அப்போது தூரத்தில் யாரோ பேசுகிற மாதிரி எனக்கு லேசாகக் கேட்டது. காற்று ஏரிப் பக்கமாக வீசிக்கொண்டிருந்தது. அது எங்கள் குரல்தான் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

அப்புறம் பெண்ணின் அம்மா மெதுவாக வாயைத் திறந்தார். "மூணும் பொண்ணாவே பெத்துட்டேன்னு ஊரு பூரா என்னையத்தான் சொல்லுது டீச்சரம்மா. என் வவுத்துல இன்னா கோளாறு?"

இது என் பாடம். சீர்த்தட்டை முன்னால் இழுத்து வைத்தேன். மஞ்சளை ஒரு சிட்டிகை எடுத்தேன். "அம்மாகிட்ட மஞ்சள் மட்டும்தான் இருக்கு. அவளால மஞ்சளைத்தான் கொடுக்க முடியும். அப்பாகிட்ட மஞ்சளும் இருக்கு, குங்குமமும் இருக்கு. அவர்கிட்ட இருந்து மஞ்சள் வந்தா பொண்ணு. குங்குமம் வந்தா பையன். எது வரும்னு அவர் கையிலயும் இல்ல, உங்க கையிலயும் இல்ல. ஆனா உங்க வயித்துல கோளாறுன்னு சொல்றவங்களுக்கு அறிவியல் தெரியாதுன்னு அர்த்தம்" என்றேன். அந்த அம்மா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சளை ஒரு விரலாலும் குங்குமத்தை ஒரு விரலாலும் தொட்டுப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, முகம் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது.

அதுவரை மணையில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தாள் அந்தப் பெண். உடம்பில் பட்டுப் புடவை, தலை நிறையப் பூ. திடீரென்று நிமிர்ந்தாள். வகுப்பில் என் கூட்டல் தப்பைக் காட்டுகிற அதே குரல்.

"டீச்சர், இது நோவும் இல்ல, காயமும் இல்ல, அசிங்கமும் இல்ல. எல்லாப் பொம்பளைங்களுக்கும் வரதுதான். ஒண்ணும் தெரியாத பொண்ணுன்னு நைனா சொல்றாரு. இப்பத்தான் எல்லாம் தெரிஞ்சிடுச்சே. அப்புறம் நான் ஏன் டீச்சர் ஊட்லயே கெடக்கணும்?"

பந்தல் கப்சிப். நர்ஸுக்கும் பேச்சு வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மா மகளின் முழங்காலில் கையை வைத்தார். பதில் யாருமே சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்து, கரைப் பக்கத்திலிருந்து எங்கள் தலைமையாசிரியர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். சாப்பாட்டு நேரத்துக்கு மெதுவாக வருவதாகச் சொல்லியிருந்தார். குடை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். மூச்சு வாங்கியது. பேச வரவில்லை. குடையால் மைக்கைக் காட்டினார். "மை... மை..." என்றார். நான் மை இல்லை, மஞ்சள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் பாய்ந்து அந்த மைக்கின் கழுத்தை இரண்டு கையாலும் நெரித்துப் பிடித்தார்.

"ஊரே கேக்குதும்மா! ரயிலடி வரைக்கும் கேக்குது!"

எனக்கு அப்படியே பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது. ஊறுகாய் ஜாடி, கருப்பை, மஞ்சள், குங்குமம் எல்லாம் பனைமர உச்சியிலிருந்து, என் குரலில்! நாளைக் காலை எந்த முகத்தோடு பாசஞ்சர் வண்டியில் ஏறுவது? நர்ஸ் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். "ஓடினா இன்னும் கேவலம். வாங்க, நேராவே போவோம்" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரைக்கு நடந்தார். நான் அத்தனை பயந்த நாள் வேறில்லை.

அரசமரத்தடியில் சீட்டு அப்படி அப்படியே கிடந்தது. ஆண்கள் எல்லாரும் எழுந்து நின்றிருந்தார்கள். ஏரியில் போன படகுகள்கூடக் கரைக்குப் பக்கமாக வந்து நின்றிருந்தன. பெண்ணின் அப்பா மட்டும் பனைமரத்தடியில் தனியாக நின்று கூம்பையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார். நான் நர்ஸுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"பொண்ணு ஒண்ணு கேட்டாளே டீச்சரம்மா" என்றார். "பதிலுக்குக் கேட்டுக்கினே நின்னேன். அங்க யாருமே ஒண்ணும் சொல்லலியே."

"எங்ககிட்ட பதில் இல்லைங்க. அவ உங்களைத்தான் கேட்டா" என்றேன்.

அவர் குனிந்து மணலைப் பார்த்தார். அதற்குள் பின்னாலிருந்து ஒரு மீசைக்காரர், "டீச்சரம்மா, அந்த மஞ்ச குங்குமம் கத நெசந்தானா?" என்று கேட்டுவிட்டார். "நிஜம்தான்" என்றேன். "அப்ப இத்தினி நாளா தப்பு நம்ம ஆளு டப்பாவுலதானா!" என்று அவர் சொன்னதும் கரை முழுக்கச் சிரிப்பு வெடித்தது. அப்பாவும் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு மூச்சே திரும்பி வந்தது.

"அந்த நாள்ல பள்ளிக்கூடத்துல புள்ள எங்க போவும்? அத்த மட்டும் சொல்லுங்க" என்றார் அப்பா.

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து பதில் வந்தது. "ஆய்வுக்கூடத்துக்குப் பக்கத்து அறையைப் பெண் பிள்ளைகளுக்கே கொடுத்துடறேன். தாழ்ப்பாள் போட்டு, தண்ணீர்த் தொட்டி வெச்சுத் தரேன். இது என் பொறுப்பு." பார்த்தால், எங்கள் தலைமையாசிரியர். நிழலுக்குப் பயந்த மனுஷருக்கு அந்த ஓட்டத்தில் பயமெல்லாம் எங்கோ விழுந்துவிட்டது போலிருக்கிறது.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "ஒண்ணும் தெரியாத பொண்ணுன்னு இனிமே நான் எப்டி சொல்றது? தெரிஞ்சிடுச்சின்னு ஊரு பூரா கேட்டுடுச்சே" என்றார். பிறகு பந்தல் பக்கம் திரும்பி, "நாளைக்கு பரீட்சைன்னாங்களே, படிச்சியா இல்லியா?" என்று குரல் கொடுத்தார். பட்டுப் புடவை தடுக்கத் தடுக்க அவள் வாசலுக்கு ஓடி வந்தாள். "குச்சுலயே எல்லாம் போட்டுப் பாத்துட்டேன் நைனா!" என்றாள்.

திங்கட்கிழமை நீலத் தாவணியில் வந்து பரீட்சை எழுதினாள். அப்பாவே பள்ளிக்கூடம் வரை வந்து விட்டுவிட்டு, ஆய்வுக்கூடத்துப் பக்கத்து அறையின் தாழ்ப்பாளை இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனார். அடுத்த ஆண்டு அதே குப்பத்திலிருந்து இன்னும் சில பெண்கள் அவளோடு தோப்பு வழியாகப் பேசிக்கொண்டே வந்தார்கள். தையல் வகுப்பு, தையல் வகுப்பு என்ற பேரிலேயே தொடர்ந்தது. "பசங்களுக்கும் யாராவது சொல்லித் தரணும்மா, அதுங்களும் இலந்தக்கொட்டைதான்" என்று டிரில் மாஸ்டரே வந்து கேட்டார். அதற்குச் சுகாதார நிலையத்து டாக்டரை நர்ஸ் பிடித்து வந்தார். பாசஞ்சர் வண்டியில் நான் பயந்த மாதிரி யாரும் கேலி செய்யவில்லை. அரிசி மூட்டைக்காரப் பெண் ஒருத்தி மட்டும் என்னை நகர்ந்து உட்காரச் சொல்லிவிட்டு, காதோடு ஒரு சந்தேகம் கேட்டாள்.

எழுபதுகளின் கடைசியில் அந்தக் குப்பத்துப் பெண்ணுக்குக் கல்யாணம். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்த ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் நர்ஸும் மறுபடி தட்டோடு போனோம். பந்தலில் அதே தாய்மாமன் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். முடி நரைத்திருந்தது, வாய் மட்டும் அப்படியே மூடியிருந்தது. நான் கிண்டலாக, "இன்னைக்காவது சாப்பிடப் போறப்போ மைக்கை மறக்காம அணைச்சுட்டுப் போங்க" என்றேன்.

அவர் பெட்டியை ஒரு துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார். "செட்டு போட ஆரம்பிச்ச நாள்ல இருந்து ஒரு தபா கூட நான் மைக்கை மறந்ததில்ல டீச்சரம்மா."

எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. நர்ஸுக்கு உடனே புரிந்துவிட்டது. அவர் சிரித்த சிரிப்பில் மைக் கீச்சிட்டது. "பொண்ண படிக்க அனுப்புங்கன்னு எங்க அக்கா புருசன்கிட்ட கேட்டுப் பாத்தேன், காலுல வுழுந்து கூட பாத்தேன். பொம்பளைங்க பேச்சு நம்மகிட்ட வேணாம்னுட்டாரு. அப்ப எப்டி அவுரு காதுல போடறது? பொண்ணும் அப்பன் மூஞ்சிக்கு நேரா கேக்காது. நர்ஸம்மா வந்தா பந்தல்ல இன்னா பேச்சு நடக்கும்னு தெரியும். எனக்குத் தெரிஞ்ச வேல ஒயரு இழுக்கறதுதான்" என்றார் தாய்மாமன். சொல்லி முடித்துவிட்டு, இவ்வளவு பேசிவிட்டோமே என்று வெட்கப்பட்டுப் பாட்டைப் போட்டுவிட்டார்.

அந்தக் காரியத்தை நானும் நர்ஸும் சேர்ந்து சாதித்தோம் என்று அதுவரை மனசுக்குள் கொஞ்சம் பெருமையாகவே இருந்தேன். இப்போதும் எங்காவது மைக் செட் கட்டியிருப்பதைப் பார்த்தால் நின்றுவிடுகிறேன். நல்லதைச் சொல்ல ஒருத்தரும் அதை விளக்க ஒருத்தரும் இருந்தால் மட்டும் போதாது, கேட்க வேண்டியவர் காது வரைக்கும் சத்தம் காட்டாமல் ஒயர் இழுத்துவிடுகிற ஒருத்தரும் வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தப் பனைமரத்துக் கூம்புதான்.